விதைப்பவர் படக்கதை: பாறையை எங்கே வரைவது?

2023 ஜூன் 4 (கேள்வி, மயிலாடுதுறை வாசகி)

எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக விதைப்பவர் உவமையைப் படப் புத்தகமாகக் கொண்டுவர நினைக்கிறோம். ஒருவர் தூவிய விதை வழியருகேயும் பாறையிலும் முள்ளுக்குள்ளும் விழுந்து வீணாகி, நல்ல நிலத்தில் விழுந்தது மட்டும் பலன் தந்ததாக இயேசு சொன்ன கதை அது. இப்போது கையில் இருக்கும் படங்கள் எல்லாம் எங்கோ வரையப்பட்டவை. அவற்றில் விதைப்பவர் ஐரோப்பிய உழவரைப் போல இருக்கிறார். இயேசு அவரைவிட வெளுப்பாக இருக்கிறார். காவிரிக் கரையில் வளரும் பிள்ளைக்கு வயலைக் காட்ட வெளிநாட்டுப் படம் எதற்கு? வேட்டியை மடித்துக் கட்டிய நம் உழவரையே வரைந்து, பாறை நிலத்தை உவர் நிலமாகவும் முள்ளைச் சீமைக்கருவேலாகவும் மாற்றி, கதை முழுவதையும் டெல்டாவிலேயே நடத்திவிட்டால் என்ன? கமிட்டியில் சிலர் வேதத்தை மாற்றக் கூடாது என்கிறார்கள். வரைந்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு (பதில்)

மாற்றுவது புதுமையும் அன்று, குற்றமும் அன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியின் தொடக்கத்திலேயே நாட்டுப் படலம் என்று ஒன்றை வைத்து, யூதேயாவை மழை பொழிந்து, ஆறு பெருகி, வயல் விளையும் மருத நிலமாகப் பாடிவிட்டார். கம்பனில் தோய்ந்த புலவர் வேறு எப்படித் தொடங்கியிருப்பார்? வேளாங்கண்ணி மாதா சேலையில்தான் காட்சி தருகிறார். இவையெல்லாம் கத்தோலிக்க வழக்கம் என்று உங்கள் கமிட்டியில் யாராவது சொன்னால், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைக் காட்டுங்கள். ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் படித்து, சரபோஜி மன்னரின் அவையில் மதிக்கப்பட்ட அந்தச் சுவிசேஷக் கவிராயர், பெத்லகேம் குறவஞ்சி பாடிக் குறத்தியையே சபைக்குள் அழைத்து வந்தவர்.

ஆனால் பாட்டு வேறு, படம் வேறு. பாட்டைக் கேட்பவர் அது யூதேயா என்று தெரிந்துகொண்டேதான் தம் வயலை நினைக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கோ படத்தில் இருப்பதுதான் நடந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு என் சார்பு உங்கள் பக்கம். இன்னும் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 6

தாளில் கோடு போட்டுப் பார்த்தபோது முதல் படமே இடித்தது. உவமையில் விதைக்கிறவர் நடந்துகொண்டே கையால் தூவுகிறார். அதனால்தான் சில வழியருகேயும் சில பாறையிலும் சில முள்ளுக்குள்ளும் விழுகின்றன. டெல்டாப் பிள்ளை பார்த்து வளர்வது இதை அன்று. முளைகட்டிய விதையை நாற்றங்காலில் தெளித்து, நாற்றைப் பறித்து முடி கட்டி, சேறு அடித்துப் பரம்பு ஓட்டிய வயலில் கொத்துக் கொத்தாக நடுவதைத்தான் அது பார்க்கிறது. நாற்றங்கால் நாலு பாத்திக்குள் அடங்கிவிடும். அங்கே விதை கண்ட இடத்தில் சிதறுவதற்கு வழியே இல்லை; சிதறினால் விடுவாரும் இல்லை. ஆகவே உவமையை இந்த வயலுக்குள் இறக்குவதற்கு வேட்டி மட்டும் போதாது. நடவு வயலின் நடுவில் ஒருவர் வீசி வீசித் தூவிக்கொண்டு போனால், பிள்ளைகள் சிரிப்பதற்கு முன் அவர்களுடைய தாத்தாக்கள் சிரிப்பார்கள்.

இயேசு இந்தக் கதையைச் சொன்ன கலிலேயாவில் பயிர் கோதுமையும் வாற்கோதுமையும். வேதத்தில் வரும் முன்மாரி பெய்து நிலம் நெகிழ்ந்ததும், நம் ஐப்பசி, கார்த்திகைக் கணக்கில் விதைப்பார்கள். யூதரின் வசந்தப் பண்டிகையான பஸ்காவை ஒட்டி வாற்கோதுமையும், அதைத் தொடர்ந்த வாரங்களில் கோதுமையும் அறுவடைக்கு வரும். வாய்க்கால் பாசனம் அன்று, வானம் பார்த்த பூமி. இந்த ஒரு வேறுபாடு எல்லாப் படங்களையும் பாதிக்கும்.

ஜூன் 7

தலைஞாயிறு பக்கத்து வாசகர் ஒருவர் சற்றுக் கோபமாகவே எழுதியிருக்கிறார். டெல்டா என்றால் கல்லணையிலிருந்து கும்பகோணம் வரைதானா, கடைமடை டெல்டாவில் சேராதா என்பது அவர் கேள்வி. அவர் சொல்வது சரி. தண்ணீர் கடைசியாக வந்து முதலில் நின்றுபோகும் அந்தப் பகுதியில் புழுதி விதைப்பு இன்றும் நடக்கிறது. காய்ந்த நிலத்தை உழுது, விதை நெல்லைக் கையால் வீசி, மழையை நம்பிக் காத்திருக்கிறார்கள். கலிலேயா உழவருக்கு டெல்டாவில் உறவினர் உண்டென்றால் அவர்கள் கடைமடைக்காரர்கள்தான்.

நேற்று நான் எழுதியது மேல்மடைக்குப் பொருந்தும். உங்கள் பிள்ளைகள் மயிலாடுதுறைக்காரர்கள். அவர்களில் எத்தனை பேர் புழுதி விதைப்பைப் பார்த்திருப்பார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஓவியருக்கு மட்டும் ஒரு யோசனை: தூவும் கையின் அசைவைப் புத்தகத்தைப் பார்த்து வரையாமல், தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் விதைப்புக் காலத்தில் போய் நேரில் பார்த்து வரையட்டும். இடது தோளில் தொங்கும் விதைப் பை, வலது கை அதற்குள் போய் வெளியே வந்து அரைவட்டமாக விரியும் விதம், காலும் கையும் ஒரே தாளத்தில் போவது ஆகியவற்றைக் கோதுமை விதைப்பவரும் நெல் விதைப்பவரும் ஏறக்குறைய ஒன்றாகவே செய்கிறார்கள்.

ஜூன் 7, மீண்டும்

பறவை. வயல் என்றதும் நம் கை கொக்கையும் மடையானையும் வரைந்துவிடும். அவை விதை பொறுக்க வருவதில்லை. ஏருக்குப் பின்னால் புழுவுக்கும் தவளைக்கும் வருகின்றன. உவமையில் விதையைப் பட்சித்துப்போடுகிற பறவைகள் வேண்டும். சிட்டுக்குருவியை வரையுங்கள். அங்கும் இங்கும் அதே குருவி, அதே பழுப்பு, அதே திருட்டு முழி. அதோடு சுவிசேஷத்தில் தனக்கென்று ஒரு வசனமும் வைத்திருக்கும் பறவை. காகமும் போடலாம். அந்த நாட்டுக் காகத்துக்கு உடல் முழுவதும் சாம்பல் நிறம், தலையும் சிறகும் வாலும் கறுப்பு. நம் காகத்துக்குக் கழுத்து மட்டும் சாம்பல். இதைக் கவனிக்கும் பிள்ளை வகுப்புக்கு ஒன்றாவது இருக்கும்.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறந்தார்கள். எங்கள் தெருவில் இனிக் குறுவையைத் தவிர வேறு பேச்சு இருக்காது.

அந்தப் பேச்சின் இடையே பக்கத்து வீட்டு விவசாயியிடம் உவமையின் முடிவைச் சொன்னேன்: நல்ல நிலத்தில் விழுந்தது முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தந்தது. அவர் அசையவே இல்லை. "நூறுதானா?" என்றார். கணக்குப் போட்டால் அவர் கேட்டது நியாயம். நடவுக்கு எக்டேருக்கு 30 முதல் 60 கிலோ விதை போதும். 5,000 கிலோ அறுப்பது இங்கே அதிசயம் அன்று. ஒரு நல்ல நெற்கதிரிலேயே நூறு மணிக்கு மேல் இருக்கும். பழங்காலப் பாலஸ்தீனத்தின் மானாவாரிக் கோதுமைக்கோ பத்து மடங்கு கிடைத்தாலே நல்ல வருடம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து இந்த வசனத்தைப் படிக்கும் நமக்கு, அன்று அந்தக் கரையில் கேட்டவர்கள் வாய் பிளந்த இடம் தெரியாமலே போகிறது.

கதையை நெல் வயலுக்கு மாற்றுவதற்கு எதிராக எனக்குத் தோன்றும் வலுவான வாதம் இதுதான். நெல்லாக மாற்றினால் முடிவில் வியப்பு போய்விடும். கோதுமையாகவே விட்டால், மெலிந்த பயிர் இத்தனையைத் தந்ததா என்று பிள்ளை கேட்கும்.

எண்ணை வாசகத்தில் மட்டும் வைக்க வேண்டாம். கடைசி விரிப்பில் (எதிரெதிரான இரண்டு பக்கங்களில்) மூன்று குவியல்களில் சரியாக முப்பது, அறுபது, நூறு மணிகளை எண்ணும்படி வரையுங்கள். எண்ணத் தெரிந்த பிள்ளை கட்டாயம் எண்ணும். தொண்ணூற்றெட்டுதான் இருக்கிறது என்று ஆசிரியரிடம் புகாரும் வரும்.

ஜூன் 18, ஞாயிறு

பாறைக்குப் பதில் உவர் நிலம் என்ற உங்கள் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மண்ணைத் தோண்டினால் மேலும் மண்ணே வரும் நாடு இது. பெரிய கோயிலுக்குக் கல் வெளியிலிருந்துதான் வந்தது. வயலில் பாறை என்றால் இங்கே பிள்ளைக்கு விளங்காது, உவர் என்றால் சட்டென்று விளங்கும் என்று நானும் நினைத்தேன். வெள்ளைப் பூத்த தரை, கருகிய நாற்று என்று பென்சிலில் ஒரு படி வரைந்து, கடலோரச் சபை ஒன்றின் ஞாயிறு பள்ளிக்கு எடுத்துப்போய்க் காட்டினேன்.

விளங்கத்தான் செய்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை படத்தை இழுத்து வைத்துக்கொண்டு, "எங்க வயலு இப்படித்தான் இருக்கும். அப்ப இயேசப்பாவுக்கு எங்க வயல புடிக்காதா?" என்று கேட்டாள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய நிலம் அது. உப்பு ஏறிய கதையைப் பாட்டி வாயிலாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஏரி வண்டல் அடித்ததும், ஜிப்சம் போட்டதும், மழை நீரைத் தேக்கி உப்பை வடித்ததும் அவளுக்கு வீட்டுப் பேச்சு. அந்த நிலத்தைக் கொண்டுபோய் "கெட்ட நிலம்" என்று நான் அவள் மடியில் வைத்திருக்கிறேன்.

உவமையில் வரும் பாறை யாருடைய ஊரையும் சுட்டுவதில்லை. உவர் சுட்டுகிறது. சீமைக்கருவேலும் அப்படித்தான்; கருவேல் மண்டிய தரிசுக்குப் பக்கத்தில் யாருடைய குடிசைகள் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். நம் ஊரை வரைந்தால் பிள்ளை கதைக்குள் வரும் என்று சொன்னோம். வந்தது. வந்து எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பாறை பாறையாகவே இருக்கட்டும். உங்கள் கமிட்டியினர் சொன்ன முடிவுக்கே வந்திருக்கிறேன், காரணம் வேறு.

ஜூன் 19

பாறையைப் பார்த்திராத பிள்ளைக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

முதலில் அது எப்படிப்பட்ட பாறை என்பதைப் பார்க்க வேண்டும். சுவிசேஷம் சொல்வது குன்றுப் பாறையை அன்று. "அதிக மண்ணில்லாத" இடத்தை. மேலே விரற்கடை மண், கீழே கல். மேலிருந்து பார்ப்பவருக்கு அது வயலைப் போலவே தோன்றும். ஆகவே படத்தை நிலத்துக்கு மேலே மட்டும் வரைந்தால் விளங்காது. நிலத்தை வெட்டிக் காட்டுவது போல, பக்கத்தின் கீழ்ப் பாதியை மண்ணுக்கு அடியில் வரைய வேண்டும். நான்கு நிலங்களுக்கும் இதையே செய்யுங்கள். நாற்றுப் பறித்து வேரில் சேறு அலசுவதைப் பார்த்த பிள்ளைக்கு வேரைப் படிக்கத் தெரியும். கல்லின் நிறம் கறுப்பு. கலிலேயாக் கடலைச் சுற்றிலும் கருங்கல்லான எரிமலைப் பாறை. கப்பர்நகூம் ஊரே அந்தக் கல்லால் கட்டப்பட்டது. பழைய படங்களில் வரும் மஞ்சள் கல்லை அங்கே போடாதீர்கள்.

இந்த வெட்டுப் படத்தை அதே பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரு பையன் விளக்கத்துக்குக் காத்திருக்கவில்லை. "களத்துல முளைக்கிற நெல்லு மாதிரி" என்றான். சிமெண்ட் களத்தில் சிந்திய நெல் மழைக்கு முளைத்து, பச்சையாக நின்று, வெயில் வந்ததும் சுருண்டுபோவதை அறுவடை முடிந்த எந்த ஊரிலும் பார்க்கலாம். எனக்கே இது தோன்றவில்லை. பாலஸ்தீனத்துப் பாறைக்கு இணையான ஒன்றை டெல்டாவில் நாம் தேடிக்கொண்டிருந்தோம். அவன் தன் வீட்டு வாசலிலிருந்து எடுத்துக் கொடுத்தான். படத்தில் களத்தை வரைந்திருந்தால் அவன் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஜூன் 21

முகம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான்கு சுவிசேஷங்களிலும் இயேசுவின் உருவத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஏசாயாவின் ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தை அவருக்குரியதாகப் படிக்கும் சபை, அழகும் இல்லை, சௌந்தரியமும் இல்லை என்றும் படிக்கிறது. படித்துவிட்டு, வார்னர் சால்மன் 1940இல் அமெரிக்காவில் வரைந்த பொன்னிறத் தலையைக் காலண்டராகச் சுவரில் மாட்டுகிறது. நம் வீடுகளில் "இயேசுவின் போட்டோ" என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அதுவோ அதன் வழித்தோன்றலோதான். மாறாகச் செய்தவர்கள் இந்தியாவிலேயே இருந்தார்கள். கோவாவில் பிறந்து சாந்திநிகேதனில் அபனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற ஆஞ்சலோ ட ஃபொன்சேகா மரியாளைச் சேலையில், இந்திய முகத்தோடு வரைந்தார். அதற்காக அவருக்கு ஊரில் கிடைத்தது பாராட்டு மட்டும் அன்று.

உங்கள் புத்தகத்துக்கு இரண்டு விஷயம் சொல்வேன். முதலாவது, இயேசுவின் தோல் நிறமும் விதைப்பவரின் நிறமும் கரையில் நிற்கும் கூட்டத்தின் நிறமும் ஒரே வண்ணக் கலவையிலிருந்து வர வேண்டும். உழைப்பவர் கறுப்பு, போதிப்பவர் வெளுப்பு என்ற பாடத்தை நம் பிள்ளைகள் வேறு இடங்களில் போதுமான அளவு கற்றுக்கொண்டுதான் ஞாயிறு பள்ளிக்கு வருகிறார்கள். இரண்டாவது, மாற்கு சுவிசேஷத்தின் நாலாம் அதிகாரத்தில் இயேசு படவில் (படகில்) உட்கார்ந்திருக்கிறார், ஜனங்கள் கரையில் இருக்கிறார்கள். படவுக்குள்ளிருந்து வரையுங்கள். அவருடைய முதுகும் தோளும் தெரியும். எதிரே கேட்பவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் தெரியும். கேட்கும் முகங்களில் ஒரு பிள்ளையும் ஒரு கிழவியும் தூங்கி வழியும் ஒருவரும் இருக்கட்டும்.

ஜூன் 22

முகத்தை மறைத்தால் பிள்ளைகள் முகத்தையே தேடுவார்கள், கதையைக் கேட்க மாட்டார்கள் என்று கும்பகோணத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதுகிறார். பல வருடம் மூன்று வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர் பேச்சை நான் தள்ளிவிட மாட்டேன். அப்படியானால் ஒரே ஒரு விரிப்பில், தூரக் காட்சியில், கரையோரக் கூட்டத்துக்குள் நடந்து வருபவராக முகத்தோடு காட்டிவிடுங்கள். எல்லாருடைய அளவிலும் இருக்கட்டும். தலையைச் சுற்றி வட்டம் வேண்டாம்; இவர்களில் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை பிள்ளைக்கு இருக்கட்டும்.

இன்னொன்று. கலிலேயாக் கடல் என்பது நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், அகலம் சுமார் 13. நாகப்பட்டினத்துப் பிள்ளைக்குக் கடல் என்றால் அக்கரை இல்லாதது. அக்கரையில் மலையை வரையுங்கள். (மலையையும் அது பார்த்திருக்காது. திருச்சி மலைக்கோட்டைக்குப் போய் வந்தவர்கள் வகுப்பில் விளக்கிக்கொள்ளட்டும்.) 1986இல் ஏரியின் நீர் வற்றியபோது சேற்றில் கிடைத்த அந்தக் காலத்துப் படகு எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், அளவுக்கு அதைப் பின்பற்றலாம்.

ஜூன் 25, ஞாயிறு

கடைசிப் பக்கத்தில் என்ன போடுவது என்பதுதான் இந்த இழையில் அதிகச் சத்தம் எழுப்பியிருக்கிறது. பாறை யார், முள் எது என்று விளக்கி, "நீ எந்த நிலம்?" என்று கேட்டு, ஒரு ஜெபமும் மனப்பாட வசனமும் வைக்க வேண்டும் என்கிறார்கள் பலர்.

மாற்குவை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள். கரையில் இருந்த ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது கதை மட்டும். அது "கேட்கிறதற்குக் காதுள்ளவன் கேட்கக்கடவன்" என்பதோடு நின்றுவிடுகிறது. விளக்கம் பிறகு, தனித்திருக்கையில், வந்து கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டது. கேட்காதவரைத் துரத்திப்போய் இயேசு விளக்கவில்லை. புத்தகமும் அந்த ஒழுங்கிலேயே இருக்கட்டும்: கதை முடிகிற இடத்தில் புத்தகம் முடியட்டும், பிள்ளை கேட்டால் மடியில் வைத்துப் படிப்பவர் சொல்லட்டும். விளக்கத்தைப் பின்னட்டையின் உட்புறத்தில் பெரியவர்களுக்கான சிறிய எழுத்தில் வைத்தால் கமிட்டியும் அமைதியாகும்.

"நீ எந்த நிலம்?" என்ற கேள்வியை நான் அறவே சேர்க்க மாட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதைக் கேட்டால் இரண்டே பதில்தான் வரும். சமர்த்துப் பிள்ளை நல்ல நிலம் என்று சொல்லும். அடிக்கடி திட்டு வாங்கும் பிள்ளை ஒன்றும் சொல்லாது.

ஜூன் 26

விளக்கமும் ஜெபமும் இல்லை என்றால் அது வேளாண்மைத் துறையின் கையேடு ஆகிவிடாதா, இதில் விசுவாசம் எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நகைச்சுவையும் கூட.

விசுவாசம் விதைப்பவரின் கையில் இருக்கிறது. விவரம் தெரிந்த எந்த உழவரும் விதையை வரப்பில் போட மாட்டார். நெல்மணி காலில் மிதிபட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கிழவிகள் இருக்கும் ஊர் இது. விதை நெல்லின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இவரோ வழியில் போடுகிறார், கல்லில் போடுகிறார், முள்ளுக்குள்ளும் போடுகிறார். எந்த நிலத்துக்கும் குறைத்து அளக்கவில்லை. பென்சில் படங்களைக் காட்டியபோது பிள்ளைகள் தாமாகவே கேட்டது இதைத்தான்: "ஏன் சார் ரோட்டுல எல்லாம் போடுறாரு, வீணாப் போகாதா?" வீணாவதைப் பற்றிக் கவலைப்படாத ஒரு கொடையாளியைப் பற்றித்தான் இந்தப் புத்தகம். அதை வாசகத்தில் எழுதினால் செத்துவிடும், படம் செய்யட்டும். நான்கு நிலங்களிலும் அதே கை, அதே பிடி நிறைய விதை, அதே அரைவட்டம் வர வேண்டும். பாறைக்குப் போகும்போது கை சுருங்கவும் கூடாது, நல்ல நிலத்துக்கு வந்ததும் முகம் மலரவும் கூடாது. முதல் படத்தில் பை எவ்வளவு புடைத்திருந்ததோ கடைசிப் படத்திலும் அவ்வளவே புடைத்திருக்கட்டும். பெரியவர்கள் இதைக் கவனிக்க மாட்டார்கள்.

வாசகம் சின்னதாக இருக்கட்டும், படம் சொல்வதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். நான் எழுதிப் பார்த்த மாதிரி:

விதைக்கிறவர் ஒருவர் விதைக்கப் புறப்பட்டார்.
கொஞ்சம் வழியிலே விழுந்தது. (பக்கம் திருப்பு.) குருவிகள் வந்துவிட்டன!
கொஞ்சம் கல்லின் மேலே விழுந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் முளைத்தது. (பக்கம் திருப்பு.) வெயிலும் முளைத்தது.

"முளைத்தது" இரண்டு முறை வருவதை ஒருவர் திருத்தச் சொல்வார். திருத்தாதீர்கள், பிள்ளைகள் அந்த இடத்தில்தான் கூடச் சேர்ந்து சொன்னார்கள்.

ஜூலை 1

அச்சு. 24 பக்கம் போதும். உவமை மாற்குவில் ஆறே வசனம், அதை 32 பக்கத்துக்கு இழுத்தால் முள் நிலத்திலேயே தூங்கிவிடுவார்கள். சென்டர் பின் அடிப்பதானால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்பதால் 24 அதற்கும் ஒத்துவரும். பளபளப்பான ஆர்ட் காகிதம் கோயில் ட்யூப்லைட்டில் கண்ணைக் கூசும். வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வெளிச்சத் திட்டுதான் தெரியும். மேட் காகிதம் வாங்குங்கள். எழுத்தைக் கறுப்பு மை ஒன்றில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு நிறக் கலவையில் வைத்தால், நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று பதிவது மயிரிழை விலகினாலும் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைந்துபோகும். நடு மடிப்பில் விதைப்பவரின் கை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அளவைப் பற்றித் தரங்கம்பாடி வாசகர் ஒருவர் ஊர்ப் பெருமையோடு நினைவூட்டியது சுவையானது. தரங்கம்பாடியில் மிஷனரியாக இருந்த சீகன்பால்கு காலத்தில் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரியவை. அவற்றில் அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. எழுத்தைச் சுருக்கியவர்கள் வாழ்ந்த கடற்கரையில் நாம் இப்போது பெரிதாக்கப் போகிறோம். எழுத்தை 24 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் குறையாமல் வையுங்கள். உங்கள் கமிட்டி மூப்பர்களுக்கும் உதவும்.

ஜூலை 3

விட்டுப்போன சில.

பெண்கள் எங்கே என்ற கேள்வி சரியானது. விதைப்பவரைப் பெண்ணாக்க நான் சொல்ல மாட்டேன். அறுவடை விரிப்பில் அரிவாளோடும் கட்டுகளோடும் பெண்கள் இருக்கட்டும். வேதத்தில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையைக் கேட்ட பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்காது. கரையில் கேட்பவர்களில் பாதிக்குப் பாதி பெண்கள்.

வரப்பில் குடை பிடித்து நிற்கும் மிராசுதார் ஒருவரையும் வரையலாமே, டெல்டா என்றால் அவர் இல்லாமலா என்று ஒரு வாசகர் கேட்கிறார். வேண்டாம். "இது யாரு வயலு?" என்று பிள்ளைகளும் கேட்டார்கள், விதைப்பவர் நிலத்துக்காரரா கூலிக்காரரா என்பதை உவமை சொல்லவில்லை. கூலிக்கு விதைத்த அப்பாவைப் பெற்ற பிள்ளை, விதைப்பவரைத் தன் அப்பாவாக நினைத்துக்கொள்ள அந்த இடம் திறந்திருக்கட்டும். குடை வந்து நின்றால் அடைபட்டுவிடும்.

முன்னட்டைக்கு விதை வீசும் கை மட்டும் போதும். மேல் பாதியை வெறும் வானமாக விட்டு வையுங்கள். தலைப்பைக் கையால் எழுதப் போகிறீர்களா, அச்செழுத்திலா என்று முடிவு செய்து சொன்னால் அளவு தருகிறேன்.